சனிக்கிழமை பேய்ப்படம்

வணக்கம் மக்களே. சனிக்கிழமை ராத்திரி 9 மணி, வழக்கம்போல கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில். இந்தத் தடவை காசு கொட்டாமல் எடுத்த பேய்ப்படம். என் ஓட்டு ஜப்பான்காரர்களின் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ (2017). மொத்தச் செலவே 3 மில்லியன் யென்தான், நம்ம ஊரில் ஒரு நல்ல கார் விலை. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். நடுவில் பேச்சு தடுமாறும், கேமரா தரையில் கிடக்கும். “என்னடா படம் இது” என்று எழுந்து மாமாக் கடைக்குப் போய்விடாதீர்கள்! அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் பின்னால் வரும். இதற்கு மேல் சொன்னால் அடிப்பீர்கள்.

நேரம் மிஞ்சினால் ‘ஹோஸ்ட்’ (2020). ஊரடங்கில் எடுத்தது, முழுக்க ஸூம் திரைதான், ஒரு மணி நேரம்கூட இல்லை. நம்ம எம்சிஓ (மலேசிய நடமாட்டக் கட்டுப்பாடு) நாள்கள் ஞாபகம் வரும்.

முறுக்கு நான் கொண்டு வருகிறேன். விளக்கை அணைக்கக் கூடாது என்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.