முள்வாங்கி கொடுத்த ஆத்தாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கமுங்க.

சைக்கிள் டூர் வந்த இடத்தில் ராத்திரி ரோட்டில் அடிபட்ட எங்கள் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். தையல் பிரித்தாயிற்று, சோறு ஒழுங்காக இறங்குகிறது. அன்றைக்கு நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றவர்கள், மீதிப் பேர் அன்றிரவே போனில் விசாரித்தவர்கள். 108-க்கு அழைத்தவர், டார்ச் அடித்து லாரிகளை ஒதுக்கிவிட்டவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை கூட உட்கார்ந்திருந்த மில் தொழிலாளிகள், "காசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் போங்க" என்று இட்லிப் பொட்டலத்தைக் கையில் திணித்த மெஸ்கார அம்மா, எல்லோருக்கும் ஒரு கும்பிடு. தனித்தனியாகச் சொல்லத்தான் ஆசை. பெயரைக்கூடச் சொல்லாமல் அல்லவா கிளம்பிவிட்டீர்கள்!

மறுநாள் காலை இரண்டு பக்கமும் வேலி நிற்கும் இட்டேரித் தடத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆத்தாவுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுப் பக்கம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு, அதைச் சுற்றி நிற்கும் கிளுவை முள்மர வேலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேலி கழித்த வாரத்தில் தடம் முழுக்கச் சுள்ளி கிடக்கும். பச்சைக் கிளுவை சக்கரத்தில் பட்டால் வளைந்துவிடும். காய்ந்ததுதான் வில்லங்கம். நேராக ஏறி ட்யூபைக் குத்திவிட்டு, நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே விரலால் தடவினாலும் பல சமயம் தட்டுப்படாது. காற்றடித்து, ஆள் ஏறி, பின்சக்கரத்தில் பைகளின் பாரமும் விழுந்து டயர் அமுங்கும்போதுதான் முள் எட்டிப் பார்க்கும். புது ட்யூப் மாட்டியும் ரெண்டு ஃபர்லாங்கில் காற்று இறங்குகிறது என்றால் காரணம் அதுதான். நெருஞ்சி அப்படியல்ல. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் இருக்கும், ஆனால் காய் டயரில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும், நகத்தாலேயே பிடுங்கிவிடலாம்.

ஆத்தா, கையிலிருந்த ட்யூப் எல்லாம் தீர்ந்து நாங்கள் உட்கார்ந்திருந்ததைச் சித்த நேரம் பார்த்துவிட்டு, "முள்ளு உள்ளாற கெடக்கறப்ப ட்யூப்ப மாத்தி என்ன கண்ணு பண்றது?" என்றீர்கள். வேலியோரம் தானாக முளைத்திருந்த பருத்திச் செடியில் வெடித்த சுளை ஒன்றைப் பறித்து, கொட்டையை எடுத்துவிட்டு, டயரின் உட்புறத்தில் அந்தப் பஞ்சை ஒரே திசையில் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தீர்கள். பஞ்சு எங்கே நூலாகச் சிக்கி நின்றதோ அங்கே முள். சுருக்குப் பையிலிருந்து முள்வாங்கி வெளியே வந்தது. இரும்புத் தகட்டை மடக்கி, நுனியைக் கூர்மையாக ராவிய சாமான். எங்கள் டூல் பையிலிருந்த பிளையரின் வாய் அகலம்; அது முள்ளை விட்டுவிட்டு ரப்பரைத்தான் கவ்வும். நீங்கள் டயரை வெளிப்பக்கமாக வளைத்துப் பிடித்தீர்கள், முள் தலை நீட்டியது, எடுத்துவிட்டீர்கள். காலில் தைத்த முள்ளுக்கும் இதே பக்குவம்தான் போலிருக்கிறது.

சைக்கிளில் டூர் போகிறவர்கள் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். டயரை மாட்டும்போதே அதன் மேலிருக்கும் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வருமாறு மாட்டி வையுங்கள். பஞ்சரானதும் ட்யூபில் ஓட்டை வால்வுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தால், டயரிலும் அதே தூரத்தில் தேடினால் போதும். ட்யூப் திரும்பியிருக்கலாம், அதனால் வால்வுக்கு இரண்டு பக்கமும் தேடுங்கள். ஒரு முள் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் முழுச் சுற்றும் பஞ்சை ஓட்டுங்கள். கிளுவைத் தடத்தில் ஒற்றை முள் என்பது அபூர்வம். ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் நிற்கும்வரை பொறுத்து அப்புறம் பேட்ச் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் வெயில் ஏறியதும் கழன்றுகொள்ளும். 32 எம்.எம். அகல டயர், பாரம் ஏற்றிய பின்சக்கரம் என்றால் காற்றழுத்தம் 65 பி.எஸ்.ஐ. வரை அடிக்கலாம். மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கு நம்மூர் பஞ்சர் கடைக் குழாய் பொருந்தாது, சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். கம்ப்ரஸரில் விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடிக்க வேண்டும், ஒரே அமுக்கில் வெடித்துவிடும்.

தார் ரோட்டில் இடது ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள் என்பதும் இதே கணக்குதான். வண்டிச் சக்கரங்கள் ஒதுக்கித் தள்ளும் முள்ளும் கண்ணாடிச் சில்லும் அங்கேதான் சேரும். சேலம்–கோவை 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் முள்ளுக்குப் பதில் வெடித்த லாரி டயரின் கம்பி. மயிர் போல மெலிசு. அதற்கும் பஞ்சும் முள்வாங்கியும்தான் மருந்து.

கிளம்பும்போது முள்வாங்கியைத் திருப்பிக் கொடுத்தோம். "வெச்சுக்க கண்ணு, கண்ணபுரம் மாட்டுத் தாவணியில நான் வேற வாங்கிக்கறன்" என்று மாட்டுச் சந்தையைச் சொல்லிவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டீர்கள். உங்கள் வயதில் கண்ணும் கையும் அப்படி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை ஆத்தா. எங்கள் கூட்டத்தில் இனி யார் டூர் கிளம்பினாலும் பையில் ஒரு முள்வாங்கியும் ஒரு பிடிப் பருத்தியும் இல்லாமல் புறப்படுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதோடு, தடத்தில் கிடக்கும் கிளுவைச் சுள்ளியைக் கண்டால் இறங்கி வேலியோரம் ஒதுக்கிவிட்டுத்தான் போவோம். ஆட்டுக்கும் கால் இருக்கிறதல்லவா.

கடைசியாக, அடிபட்ட சைக்கிளையும் இன்னொன்றையும் ஏற்றிக்கொண்டு வந்த பால் வண்டி அண்ணனுக்கு. கியர் பக்கம் மேலே வருமாறு படுக்க வைத்து, இரண்டு ஃபிரேமுக்கும் நடுவில் சாக்கு மடித்துப் போட்டு, கயிற்றை ஃபோர்க்கில் கட்டினீர்கள். யாரும் சொல்லித் தரவில்லை, எப்படித்தான் தெரிந்ததோ! ஒரு கம்பி வளையவில்லை. டீசல் காசு வாங்க மாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டது, ஆனால் உங்கள் சாக்கும் கயிறும் எங்களிடமே தங்கிவிட்டன. பால் சொசைட்டியில் கொடுத்து வைத்தால் உங்கள் கைக்கு வந்து சேருமா, இல்லை நாங்களே வீட்டுக்கு வரட்டுமா? ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்க.

இப்படிக்கு,
சைக்கிள்காரப் பசங்க