தான்சானியப் பல்கலைக்கழகத்துடன் கூட்டு: ஞாயிறு கலந்தாய்வு

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு வணக்கம்.

தான்சானியப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து பாடம் நடத்தவும் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளவும் நம் கல்லூரி யோசிக்கிறது. முதல்வர் நம் கருத்தைக் கேட்டிருக்கிறார்.

சென்னை ஐஐடி 2023 ஜூலையில் ஒப்பந்தம் செய்து, அதே ஆண்டிலேயே தான்சானியாவின் சான்சிபார் தீவில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. இந்தியாவுக்கு வெளியே அமைந்த முதல் ஐஐடி வளாகம் அது. ஆனால் அதன் பின்னால் அரசுகள் நின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. கையெழுத்தும் புகைப்படமும் எளிது. செலவை யார் ஏற்பது, விசா, அங்கே பெறும் கிரெடிட் (முடித்த பாடத்துக்கான புள்ளி) இங்கே செல்லுமா என்பதையெல்லாம் முதலில் பேசுவோம்.

இணையவழிக் கூட்டம்: ஆகஸ்ட் 9, ஞாயிறு, மாலை 7 மணி (தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் இருப்பவர்களுக்கு 4.30).

1. வருகையை வியாழன் இரவுக்குள் இங்கே உறுதிசெய்யுங்கள்.
2. ஆப்பிரிக்காவில் கற்பித்தவர்கள், பணியாற்றியவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் பேச்சுக்குத்தான் முதலிடம்.
3. வரைவு ஒப்பந்தத்தை இன்று இரவு பதிவேற்றுகிறேன். நிதிப் பகுதியையாவது படித்துவிட்டு வாருங்கள்.
4. கட்டைவிரல் படம் பதிலாகாது; ‘வருகிறேன்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

– ஒருங்கிணைப்பாளர்