பனியில் இறங்கப் போகிற மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

வேலையிடத்தில் எல்லோரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஸ்கீ (பனிச்சறுக்கு) போகிறார்கள், உன்னையும் கூப்பிடுகிறார்கள், மனம் நோகாமல் எப்படித் தட்டிக்கழிப்பது என்று கேட்டிருந்தாய். தாராளமாகத் தட்டிக்கழி. ஸ்கீ பழகு, ஆனால் அவர்களிடமிருந்து பழகாதே. இந்த ஆண்டு ஒஸ்லோவுக்குப் போய்ச் சேர்ந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கும் இதே சங்கடம் இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நோர்வேக்காரர்கள் தாங்கள் காலில் ஸ்கீயோடு பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். பாதி பகிடி, பாதி உண்மை. பிள்ளை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதுமே காலில் மாட்டிவிடுகிறார்கள். ஆகவே அவர்களுக்கு ஸ்கீ தெரியும், பழகுகிறவளின் பாடு தெரியாது. எப்படி நிற்பது என்று கேட்டால் "பயப்படாமல் வா" என்பார்கள். போதாததற்கு உன் அலுவலகத்தில் பீர்கெபெய்னர் ஸ்கீ ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிற ஒருவராவது இருப்பார். 1206இல் இரண்டு வீரர்கள் குழந்தை இளவரசனைத் தூக்கிக்கொண்டு மலை கடந்ததன் நினைவாக நடக்கிற ஓட்டம் அது. 54 கிலோமீட்டர். குழந்தையின் பாரத்துக்கு ஈடாக முதுகில் 3.5 கிலோ பை. அப்படிப்பட்டவரின் "சின்னச் சுற்று" எவ்வளவு தூரம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நான் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் எனக்கு உருப்படியாகச் சொல்லித் தந்தவள் அதே மேசையில் மீன் வெட்டிய சிலி நாட்டுக்காரி. அவளும் வளர்ந்த பிறகு விழுந்து எழும்பிப் பழகியவள். அவள் சொன்னது இவ்வளவுதான்: ஒரு காலில் நில்.

அதன் அருமை உனக்கு ஸ்கீ வாங்கும் கடையிலேயே புரியும். லாங்ரென், அதாவது மட்டமான நிலத்திலும் காட்டுவழியிலும் தூரம் போகிற ஸ்கீ, நடுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும். தட்டையான பலகையில் ஸ்கீ இரண்டின் மேலும் உன்னை நிற்கச் சொல்லி, பாதத்துக்கு அடியில் ஒரு கடுதாசியைச் செருகி இழுத்துப் பார்ப்பார்கள். பாரம் இரண்டு காலிலும் இருக்கும்போது கடுதாசி முன்னும் பின்னும் தாராளமாக ஓட வேண்டும். முழுப் பாரத்தையும் ஒரே காலில் போட்டதும் சிக்கிக்கொள்ள வேண்டும். பனியிலும் இதேதான் நடக்கிறது. பனியைப் பற்றிப் பிடிக்கிற பகுதி அந்த வளைவுக்கு அடியில் இருக்கிறது. உடம்பு முழுவதும் ஒரு காலின் மேல் வந்தால்தான் அது பனியைத் தொடும், நீ உதைத்து முன்னே போகலாம். பயத்தில் இரண்டு காலிலும் பாதிப் பாதியாக நின்றால் அது பனிக்கு மேலேயே நிற்கும், உதைக்கிற காலெல்லாம் பின்னால் வழுக்கும். புதிதாக வந்தவர்கள் கடை ஏமாற்றிவிட்டது, ஸ்கீ சரியில்லை என்று புலம்புவதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே முதல் நாள் கையில் பிடிக்கிற கம்புகளை ஓரமாகக் குத்தி வைத்துவிடு. மட்டமான இடத்தில், இயந்திரம் போட்டு வைத்திருக்கிற இரட்டைத் தடத்துக்குள் நின்று, ஒரு காலில் முழுதாக ஏறி வழுக்கு. வேகம் செத்த பிறகு மற்றக் காலில் ஏறு. மூக்கு, முழங்கால், சப்பாத்து நுனி மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்தால் நீ உண்மையிலேயே அந்தக் காலில் நிற்கிறாய். சப்பாத்து நுனியில் மட்டும் மாட்டியிருக்கும், குதிகால் பிடியில்லாமல் சும்மா ஆடும். அது பழுதல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். மாட்டும்போது ஒன்றைக் கவனி. சப்பாத்துக்கு அடியில் பனி அடைந்து கட்டியாகியிருந்தால் நுனியிலுள்ள சின்னக் கம்பி கொளுவியில் ஏறாது. எவ்வளவு மிதித்தாலும் 'டக்' என்ற சத்தம் வராது. கம்பின் கூரால் அந்தக் கட்டியைச் சுரண்டிவிட்டு மாட்டு.

கம்புக்கு உனக்கு ஆசிரியர் தேவையில்லை, நீ மட்டக்களப்புப் பிள்ளை. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியில் தோணி தள்ளுகிறவர்களை எத்தனை நாள் பார்த்திருப்பாய். அவர்கள் கம்பை முன்னால் எட்டிக் குத்துவதில்லை. பக்கத்தில் ஊன்றி, உடம்பையும் சாய்த்துப் பாரத்தைக் கொடுத்து, தோணி கம்பைத் தாண்டும் வரை தள்ளுவார்கள். அதையே செய். கைப்பலத்தால் குத்திக்கொண்டே போனால் மறுநாள் தலை சீவக் கை தூக்க மாட்டாய். கம்பின் தலைப்பிலுள்ள வாரில் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, பிறகு வாரையும் கம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்.

பனியைப் பிடிக்க ஸ்கீயின் அடியில் பூசுகிற மெழுகுக் கதைக்குள் இப்போது போகாதே. கடும் குளிருக்குப் பச்சை, அதைவிடக் குறைந்த குளிருக்கு நீலம், சுழியத்தை ஒட்டி ஊதா, அதற்கு மேலே சிவப்பு என்று அது ஒரு தனி உலகம். மாலை முழுக்க அதைப் பற்றியே கதைக்கிற ஆண்களை அங்கே காண்பாய். நீ அடியில் ரோமப் பட்டை ஒட்டிய ஸ்கீயை எடு. ரோமம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும். தடத்துக்குள் நேராகப் போகிற கிளாசிக் முறைக்கு உரியதையே கேள். ஸ்கேட்டிங் என்று அகலமான பனிப்பாதையில் வீசி வீசிப் போவது 1980களில் பரவிய முறை. அழகுதான், அடுத்த குளிர்காலத்துக்கு இருக்கட்டும். காசு போட யோசனையாக இருந்தால் விளையாட்டுச் சாமான்களை இலவசமாக இரவல் தருகிற பூவா நிலையங்கள் நாடு முழுக்க இருக்கின்றன.

எங்கே போவது? 5ஆம் இலக்க மெட்ரோவின் கடைசித் தரிப்பிடம் சொங்ஸ்வான். ஏரியும் அதைச் சுற்றி மட்டமான நிலமும். ரயிலில் ஆளுயரக் கட்டைகளோடு ஏறக் கூச்சப்படாதே, பெட்டியில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். 1883இல் தொடங்கிய ஸ்கீஃபொரேனிங்கன் என்ற ஸ்கீ சங்கம் வளர்ந்தவர்களுக்கும் வகுப்பு வைக்கிறது. அதில் சேர்ந்தால் உன்னைப் போலவே உருண்டு விழுகிறவர்களோடு இருப்பாய். காட்டுப் பாதையில் மரங்களில் சிவப்பு நிறம் பூசியிருந்தால் ஸ்கீ வழி, நீலம் கோடைகால நடைவழி. போட்டு வைத்த தடத்தின் மேல் சப்பாத்துக் காலோடு மட்டும் நடந்துவிடாதே. வாய் திறக்காத நோர்வேக்காரரும் அதற்கு வாய் திறப்பார்.

இறக்கத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். தடத்துக்குள் நின்றபடி வேகத்தைக் கட்டுப்படுத்துவது உன்னால் இப்போதைக்கு ஆகாது. சரிவு தொடங்குவதற்கு முன்பே தடத்தை விட்டு வெளியே வந்துவிடு. குதிகால்களை அகற்றி, நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி உள்விளிம்பில் அழுத்தினால் வேகம் அடங்கும். அடங்காவிட்டால் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடு. வேகம் கூடுவதற்கு முன் நீயாக விழுவது, கூடிய பிறகு மரம் உன்னை நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். எழும்ப அவசரப்படாதே. ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவா. முழங்காலில் வந்து பிறகு எழும்பு. சரிவை நோக்கி ஸ்கீயைப் போட்டபடி எழும்பினால் எழும்பும்போதே புறப்பட்டுவிடுவாய். இன்னும் பயமாக இருந்தால் கழற்றித் தோளில் போட்டு ஓரமாக நடந்து இறங்கு. அவர்களுடைய மலை விதிகளிலேயே திரும்பிப் போவதில் வெட்கமில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

உன் அம்மா நேற்று எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்து ஒரு மணி நேரம் அழாக்குறையாகப் பேசிவிட்டுப் போனாள். கை கால் முறிந்தால் யார் பார்ப்பது, பொம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையா என்று. அறுகம்பையைப் பார் என்றேன். அலைச்சறுக்கு வெள்ளைக்காரர் விளையாட்டு என்று கரையில் நின்று வேடிக்கை பார்த்த ஊர். 2018இல் அங்கே பெண்களே கழகம் தொடங்கினார்கள். "அது எங்கள் கடல்" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, தயிர் நன்றாக இருந்தது.

உடுப்பில் கஞ்சத்தனம் பார்க்காதே, ஆனால் குவிக்கவும் வேண்டாம். தோலை ஒட்டிக் கம்பளி. பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பில் குளிர்ந்து கிடக்கும். வீட்டு வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர்ந்தால்தான் அளவு சரி. பையில் ஒரு உலர்ந்த உள்ளங்கி, சுடுதண்ணீர்ப் போத்தல், தோடம்பழம்.

என் கம்பளி உள்ளுடுப்புகள் எல்லாம் ஒஸ்லோவில் உன் மச்சாள் வீட்டு நிலவறையில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. போய் எடுத்துக்கொள். பெட்டிக்குப் பின்னால் என் கம்புகளும் நிற்கும், அவற்றை எடுக்காதே. கிளாசிக் கம்பு தோளளவு வர வேண்டும், உன் உயரத்துக்கு அவை குட்டை.

அன்புடன்,
கல்லடியிலிருந்து மாமி