கோபி அக்காவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

மாடித்தோட்டக் குழு நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் டெலிகிராம் குழு பிழைத்துவிட்டது. மூடிவிடலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசியது இன்னும் மனதில் ஆறவில்லை, அதற்குள் இதை எழுதுகிறேன். என்ன நடந்தது, யார் யாரை என்ன சொன்னார்கள், யார் ஏன் விலகினார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்த உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கிளற எனக்கு விருப்பமில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

முதலில் கோபி அக்கா. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அவர் ஊரான கோபிசெட்டிபாளையத்தைச் சுருக்கி 'கோபி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குழுவில் அவர் எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. யாராவது அறுவடைப் படம் போட்டால் ஒரு கைகூப்பு வரும், அவ்வளவுதான்.

குழுவைப் புதிதாக ஒழுங்குபடுத்தும்போது எதையெல்லாம் தனித்தனிப் பகுதியாகப் பிரிப்பது என்று நாங்கள் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. டெலிகிராமில் 2022 கடைசியில் தலைப்பு வசதி வந்த பிறகு, பெரிய குழுவைப் பகுதி பகுதியாக வெட்டிக்கொள்ளலாம். எங்கே வெட்டுவது என்று அது சொல்லித்தராது. பூச்சி, பூஞ்சை நோய், வைரஸ் நோய், சத்துக் குறைபாடு என்று பாடப் புத்தகம் போலப் பிரிக்கவேண்டும் என்றது ஒரு கட்சி. காய்கறி, கீரை, பழம், பூ போதும் என்றது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் விவரம் தெரிந்தவர்கள்தான், அதனால் யாரும் இறங்கி வரவில்லை.

அந்தச் சண்டைக்கு நடுவில் அக்கா எனக்குத் தனியாகச் சில படங்கள் அனுப்பினார். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டின் பக்கங்கள். கூடவே ஒரு வரி: "இதுல எதாவது உதவுமான்னு பாருங்க தம்பி, எழுத்து கோணலா இருக்கும்."

அவருடைய போன் பழையது, இடம் அடிக்கடி நிரம்பிவிடும், குழுச் செய்திகளை அழித்துக்கொண்டே இருக்கவேண்டும். அழிப்பதற்கு முன்னால், நல்ல பதில் என்று பட்டதையெல்லாம் கையால் எழுதி வைத்திருக்கிறார், வருடக்கணக்காக. நாங்கள் தொலைந்துபோனது என்று நினைத்த பல பதில்கள் அதில்தான் உயிரோடு இருந்தன!

ஆனால் பதில்களைவிட அவர் அடுக்கியிருந்த விதம்தான் என்னை உட்காரவைத்தது. மேலே செடியின் பெயர். அதன் கீழே நோயின் பெயர் இல்லை, கண்ணுக்குத் தெரிவது. மிளகாய் என்றால், இலை மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் சிலந்திப்பேன். வெண்டைக்கு, இலை நரம்பு மஞ்சளாகிப் போனால் வெள்ளை ஈ கொண்டுவந்த தேமல் நோய், மருந்து தேடாதே, பிடுங்கிப் போடு, மற்ற செடியைக் காப்பாற்று. தக்காளிக் காயின் அடி கறுத்தால் பூச்சி கிடையாது, சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை, தண்ணீரை நடுநடுவே மறந்துபோகாமல் சீராக விடு. கத்திரியில் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, அந்த நுனியை வெட்டி அழித்துவிடு.

யோசித்துப் பாருங்கள். கேள்வி கேட்க வருகிறவருக்கு நோயின் பெயர் தெரிந்திருந்தால் அவர் ஏன் நம்மிடம் வரப்போகிறார்? அவருக்குத் தெரிந்தது இலை சுருண்டிருக்கிறது என்பது மட்டும்தான். அதனால்தான் பழைய குழுவில் எல்லாக் கேள்வியும் 'பொது' என்ற பகுதியில் வந்து விழுந்தன, நாங்கள் தூக்கி வேறு இடத்தில் போட்டோம், "என் கேள்வியை ஏன் தூக்கினீர்கள்" என்று கோபம் வந்தது. பாதிச் சண்டைக்கு விதை அங்கேதான் இருந்தது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் செய்திருக்கிறார். ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் மாதம் எழுதியிருக்கிறது, சிலவற்றுக்கு மட்டும் ஒரு டிக். டிக் எதற்கு என்று கேட்டேன். கேட்டவர் பிறகு வந்து "சரியாயிடுச்சு" என்று சொன்னால்தான் டிக்காம். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பதிலுக்கு எத்தனை இதயம் விழுந்தது என்று பார்த்தோம், செடி பிழைத்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு பதில் மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது, யாரோ கத்திரிக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை அடிக்கச் சொன்னது. ஓரத்தில் "காய்கறிக்குத் தடை" என்று எழுதியிருந்தார். சரியான குறிப்பு. வீட்டுச் சாம்பாருக்குப் பறிக்கிற காயில் அதை அடிக்கச் சொன்ன அந்தப் பதிலுக்கு, என் நினைவில், நிறையவே இதயங்கள் விழுந்திருந்தன.

நோட்டைப் பார்த்ததும் இரண்டு கட்சியும் அடங்கிவிட்டது. இப்போது நீங்கள் பார்க்கிற பகுதிகள் எல்லாம் அந்த நோட்டின் வரிசைதான்.

அப்புறம் மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுதவேண்டியது, முடியாது, மன்னிக்கவும். நமக்கு நள்ளிரவு என்றால் தனக்குப் பகல் என்று சொல்லி ராத்திரிக் காவலை எடுத்துக்கொண்ட டொராண்டோ நண்பர், விளம்பரக் கணக்குகளை வந்த வேகத்தில் வெளியே தள்ளிய கல்லூரித் தம்பிகள், நோட்டில் இருந்ததை வரி வரியாகச் சரிபார்த்துத் தந்த ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஐயா, விதைப் பகிர்வில் தபால் செலவு தவிர ஒரு பைசா கைமாறக்கூடாது என்ற விதியை எழுதி அதற்காகத் திட்டும் வாங்கிக்கொண்ட இரண்டு அக்காக்கள், பழைய படங்களுக்கு ஊரும் மாதமும் போட்டுப் பெயரிட்டவர்கள், என்னோடு கடுமையாகச் சண்டை போட்டுவிட்டு மறுநாளே வேலைக்கு வந்து நின்றவர்கள், எல்லாருக்கும் நன்றி. பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லியா அதற்கு மேலா என்ற சண்டையை அந்த நெருக்கடியிலும் விடாமல் நடத்தியவர்களுக்கும்தான். அதைப் பார்த்தபோதுதான் குழு சாகாது என்று நம்பிக்கையே வந்தது.

ஒழுங்குபடுத்துகிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நாம் நீக்கியதை யாரும் பார்ப்பதில்லை, நீக்கிய ஆளை மட்டும் எல்லாரும் பார்க்கிறார்கள். அதனால் இனி எதை நீக்கினாலும் காரணம் ஒரு வரியில் அங்கேயே இருக்கும். காரணம் எழுத முடியாத எதையும் நீக்கமாட்டோம். பதில் சொன்ன ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வாரம் கழித்து "செடி எப்படி இருக்கிறது" என்று கேட்போம், நல்ல பதில் வந்தால் டிக் போடுவோம். டிக் இல்லாத பதில் எவ்வளவு பெரியவர் சொன்னதானாலும், நல்ல பதில்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்புக்குள் போகாது, நான் சொன்னதும் சேர்த்துத்தான்.

ஆடிப்பட்டம் வருகிறது. விதைப்பு தொடங்கியதும் கேள்விகள் குவியும். மிளகாய், தக்காளி, கத்திரி, வெண்டைக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பீர்க்கை, புடலை, பாகல் என்று பந்தல் காய்களுக்கு மட்டும் இன்னும் ஆள் இல்லை, பழ ஈ தொல்லையும் அங்கேதான் அதிகம். இரவில் ஒரு அரைமணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். அக்காவின் நோட்டில் பந்தல் காய்களுக்கான பக்கங்களை அனுப்பிவைக்கிறேன்.