கொல்கத்தாவுக்கு எந்தப் பிரதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்கத்தா தேசிய நூலகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை வரலாற்றை நன்றாகவே சொன்னது: 1836இல் கல்கத்தா பொது நூலகம், 1903இல் வைஸ்ராய் கர்சன் திறந்த இம்பீரியல் நூலகம், 1948இல் தேசிய நூலகம் என்று பெயர் மாற்றம், 1953இல் இப்போதுள்ள பெல்வெடேர் மாளிகையில் திறப்பு. ஆனால் அங்கே புத்தகங்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டது. நம் பதிப்பாளர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் தலா ஒன்று. இந்த மூன்றுக்கும் சாதாரண விற்பனைப் பிரதி போதும். கொல்கத்தாவுக்குப் போவதில் மட்டும் சட்டம் கறார்: அச்சடித்ததிலேயே உயர்ந்த தாள், படங்களும் வரைபடங்களும் ஒன்றுவிடாமல், வண்ணம் குறையாமல், தைத்துக் கட்டிய பிரதி. நடப்பது தலைகீழ். ஃபாரம் (பக்கங்கள் அச்சான தாள் மடிப்பு) மாறி பைண்டிங் ஆனது, அட்டை மடங்கியது என்று கடையில் விலைபோகாததைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறவர்கள் உண்டு.

சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர்கள் ஐஎஸ்பிஎன் என்னும் சர்வதேசப் புத்தக எண்ணை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது வெறும் எண். பிரதியைத் தனியாக அனுப்பியாக வேண்டும். நூலக ஆணைக்காக, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவுக்காகக் கொடுக்கும் மாதிரிப் பிரதியும் இந்தக் கணக்கில் வராது. முதல் பதிப்பை அனுப்பியிருந்தால், மாற்றமில்லாத மறுபதிப்புக்கு விலக்கு உண்டு. புதிதாக ஒரு முன்னுரை சேர்த்தாலும் விலக்கு போய்விடும். பெற்றுக்கொண்டதற்கு நூலகம் எழுத்தில் ரசீது தர வேண்டும். கேட்டு வாங்கி வையுங்கள்.

அனுப்பாவிட்டால் அபராதம் 50 ரூபாய் வரை, அதோடு புத்தகத்தின் விலை. அதுவும் மத்திய அரசு அதிகாரம் அளித்த அலுவலர் புகார் கொடுத்தால்தான் வழக்கு. இதற்கு யார் பயப்படுவார்கள்? உண்மையான நஷ்டம் வேறு. வந்து சேர்ந்த பிரதிகளை வைத்துத்தான் இந்திய தேசிய நூற்பட்டியல் தொகுக்கப்படுகிறது. அனுப்பாத தமிழ் நூல் அதில் ஏற வழியில்லை. இத்தனைக்கும் அந்தப் பட்டியலுக்கு வித்திட்ட பி.எஸ்.கேசவன் மயிலாப்பூரில் பிறந்தவர்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. அதன் வரையறை அச்சு நூலோடு நின்றுவிடுவதால், மின்னூலாக மட்டுமே வரும் நாவலை யாரும் எங்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அபராதத்தை உயர்த்துவதற்கு முன் அந்த வரையறையை மத்திய அரசு திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
நூலகர் ஒருவர், மதுரை