பெரட்டு இல்லாத வேலை

சுங்கை சிப்புட்

அன்புத் தோழிக்கு,

நலம். அம்மாவுக்கு மழை நாளில் மட்டும் முட்டி வலி கூடிவிடுகிறது. "வீட்டிலிருந்தே வேலை, உனக்கென்ன குறை" என்று கேட்டிருந்தாய். 2020 மார்ச்சில் கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையோடு தொடங்கியது, எனக்கு அப்படியே நிலைத்துவிட்டது. கோலாலம்பூர் வாடகை இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இதை நான் விடப்போவதில்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. போன வாரம் அம்மா ரப்பர் தோட்டத்துக் காலத்தைப் பேசிக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது, தனி ஆள் வேலை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அவரவர் நிரையில் மரம் மரமாக உளி போட்டு, பால் வடிய மங்கு என்னும் கிண்ணத்தை வைத்துப் போக வேண்டும். பேச்சுத் துணைக்கு ஆளிருக்காது. ஆனாலும் வேலைக்கு முன்னால் பெரட்டில், அதாவது பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லோரும் கூடுவார்கள், அப்புறம் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கூடுவார்கள். யார் வீட்டில் காய்ச்சல், புது ஆள் பட்டையை ஆழமாக வெட்டிவிடுகிறானா, எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

எனக்கு நிரை இருக்கிறது, பெரட்டும் ஸ்டோரும் இல்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், கணக்கு ஒத்துப்போகாமல் நாள் முழுக்கத் தனியாகத் திண்டாடியிருக்கிறாள். "எல்லோரும் வேலையாக இருப்பதாகத் திரையில் காட்டியது, தொந்தரவு வேண்டாமென்று இருந்துவிட்டேன் அக்கா" என்றாள். பக்கத்து மேசையில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பேன். மனசு கேட்கவில்லை.

அதற்காக எப்போதாவது அலுவலகம் போய்வந்தால் போதாது. ஒருமுறை ரயிலேறி வந்தேன், பாதி மேசை காலி. அங்கேயும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோவில்தான் கூட்டம்! எல்லோரும் ஒரே நாளில் வந்தால்தான் பயன். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையாவது அப்படி வைக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

ஐந்து நாளும் வரச் சொல்கிறார்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, சும்மா இருக்காதே. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி நீ எழுதிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டால் கிடைத்துவிடும் என்று உறுதியில்லை, ஆனால் வாய்ப்பேச்சோடு தட்டிக்கழிக்க முடியாது. இரண்டு நாள் வீட்டிலிருந்து என்று கேள். உன் குழு கூடும் நாளை மட்டும் விட்டுவிடாதே.

எந்த நாள்களைக் கேட்கப் போகிறாய் என்று எழுது. செவ்வாய்க்கிழமை அமைந்தால் மதியம் சேர்ந்து சாப்பிடலாம்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி