127.0.1.2: முகிலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள முகிலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வித்யா போன் செய்தபோது வேலை அதிகம் என்றாயாம். கொல்லைப்பக்க முருங்கை காற்றில் முறிந்து விழுந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது கிடக்கட்டும்.

உன் கடை டொமைன் ஸ்பாம்ஹவுஸின் டிபிஎல் பட்டியலில், அதாவது மெயில் சர்வர்கள் பார்த்துத் தடுக்கிற கெட்ட டொமைன் பட்டியலில், இருக்கிறது. திங்கட்கிழமை பார்த்தேன். அந்தப் பட்டியல் ஐபி மாதிரி ஒரு எண்ணில்தான் விடை சொல்லும். 127.0.1.2 என்று வந்தது.

நல்ல தளத்துக்குள் எவனோ புகுந்து ஸ்பாம் அனுப்பியிருந்தால் 127.0.1.102 என்று வரும். கடைசி எண் 4 என்றால் ஃபிஷிங், 5 என்றால் மால்வேர். வெறும் 2 என்றால் டொமைனையே ஸ்பாம் டொமைன் என்று வைத்திருக்கிறார்கள். 102 வந்துவிடாதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

நீயும் பார்த்திருப்பாய். டிக் கமாண்டில் கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 வழியாகக் கேட்டிருந்தால் 127.255.255.254 வந்திருக்கும். அப்படிப் பொது சர்வர் வழியாக வந்த கேள்விக்குப் பதில் மறுத்திருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். பட்டியலில் இருப்பதையும் அது சொல்லாது, இல்லாததையும் சொல்லாது. ஸ்பாம்ஹவுஸ் தளத்திலேயே டொமைனைப் போட்டுப் பார்.

முதலில் அனுப்புவதை நிறுத்து. ஆடித் தள்ளுபடி, புது வரவு எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் அனுப்பிக்கொண்டே மறுபக்கம் நீக்கச் சொல்லிக் கேட்டால், நீக்கினாலும் திரும்ப ஏறும். இரண்டாம் தடவை கேட்கும்போது உன் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

சர்வரை மாற்றிப் பயனில்லை. டிபிஎல் சர்வரின் ஐபி எண்ணைப் பார்ப்பதில்லை, டொமைன் பெயரைப் பார்க்கிறது. ஜிமெயிலிலிருந்து அனுப்பினாலும் உள்ளே உன் கடை லிங்க் இருந்தால் ஃபில்டர் பிடிக்கும். புது டொமைன் வாங்கும் யோசனை இருந்தால் அதையும் விடு. புதிதாகக் கண்ணில் படுகிற டொமைனை 24 மணி நேரம் தனிப் பட்டியலில் வைக்கவே ஒரு ஏற்பாடு அவர்களிடம் இருக்கிறது. அதைத் தாண்டினாலும் அதே நேம்சர்வர், அதே கடை, அதே வாசகம். பெயரை மாற்றி மாற்றி ஓடுவது ஸ்பாம் அனுப்புகிறவர்களின் வழக்கம். நீ அப்படிப்பட்டவன் இல்லை. என் மகன் சொந்தக் காலில் கடை நடத்துகிறான் என்று நான் சொல்லாத வீடு இந்தத் தெருவில் இல்லை.

ஹேக் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. வேர்ட்பிரஸ் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஃபைல் இருந்தால் சந்தேகப்படு. தெரியாத அட்மின் கணக்கு, நீ போடாமல் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை, யார் எந்த முகவரி கொடுத்தாலும் அதற்கு நகல் அனுப்பும் கான்டாக்ட் ஃபார்ம், மூன்றையும் பார். கூகுள் சேஃப் பிரவுசிங்கில் உன் தளம் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை. ஹேக் இல்லையென்றால் அனுப்பியது நீயாகத்தான் இருக்க வேண்டும்.

முகவரிகள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்பாம் டிராப் என்பது ஸ்பாம் அனுப்புகிறவர்களைப் பிடிக்க வைத்த பொறி முகவரி. அதில் இரண்டு வகை. யாருக்கும் சொந்தமாக இல்லாமல், இணையத்தில் முகவரி அள்ளுகிறவர்களைப் பிடிக்கவே வைத்தது ஒன்று. ஒரு காலத்தில் ஆள் இருந்து, கைவிடப்பட்டு, நாளாக நாளாக டிராப்பாக மாறியது இன்னொன்று. விலைக்கு வரும் பட்டியலில் இரண்டும் இருக்கும். சுத்தம் செய்து தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்கள் செத்த முகவரியைக் கழிப்பார்கள். டிராப்பைக் கழிக்க அவர்களால் முடியாது, அது மெயிலை ஒழுங்காக வாங்கிக்கொள்ளும்.

அதனால் கடையில் பொருள் வாங்கியவர்கள், கன்ஃபர்மேஷன் லிங்கைத் தாங்களே அழுத்திச் சேர்ந்தவர்கள், இவர்களை மட்டும் வைத்துக்கொள். மீதியை அழி. “இன்னும் எங்கள் மெயில் வேண்டுமா” என்று கடைசியாக எல்லோருக்கும் ஒன்று அனுப்பத் தோன்றும். அனுப்பாதே, டிராப்புக்கு அதுவும் ஸ்பாம்தான். 550 5.1.1, அதாவது அப்படி ஒரு முகவரியே இல்லை, என்று திரும்பி வந்ததை அன்றைக்கே எடுத்துவிடு.

மெயில் உன் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஎன்எஸ் ஏற்பாடுகளையும் பார். எஸ்பிஎஃப் லுக்அப் 10ஐத் தாண்டக் கூடாது, டிகேஐஎம் சாவி 2048 பிட், டிமார்க் ரெக்கார்ட் ஒன்று. செய்து வை. ஆனால் அனுப்பியது நீதான் என்று அவை நிரூபிக்குமே தவிர, பட்டியலிலிருந்து இறக்காது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நீக்கக் கேட்கும் ஃபார்ம். கடை டொமைன் முகவரியிலிருந்தே எழுது. தளத்தில் உண்மையான விலாசமும் போன் எண்ணும் இருக்கட்டும். ஆறு வரி போதும்: என்ன நடந்தது, எந்தத் தேதியில் நிறுத்தினாய், எத்தனை முகவரியை அழித்தாய், இனி எப்படிச் சேர்ப்பாய். வியாபாரம் படுத்துவிட்டது என்று அழாதே, வக்கீலைக் காட்டி மிரட்டாதே, பத்து தடவை கேட்காதே. பொய் எழுதாதே. எதைப் பார்த்துப் பட்டியலில் ஏற்றினார்களோ, அது அவர்கள் கையில் இருக்கிறது. ஸ்பாம்ஹவுஸ் இதற்குக் காசு வாங்குவதில்லை. காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் ஏமாற்றுக்காரன். இருக்கிற பணத்தை அவனிடம் கொடுத்துவிடாதே. எஸ்யுஆர்பிஎல், யுஆர்ஐபிஎல் என்று இதே மாதிரி வேறு பட்டியல்கள் உண்டு, இரண்டிலும் தனித்தனியாகப் பார். இங்கே நீங்கினால் அங்கே தானாக நீங்காது.

நீங்கிய பிறகு அண்மையில் வாங்கியவர்களுக்கு மட்டும், நாளுக்கு ஐம்பது நூறு என்று ஆரம்பி. கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில், உன் மெயிலை ஸ்பாம் என்று ஜிமெயில்காரர்கள் குறித்த விகிதம் 0.1%க்குக் கீழே இருக்க வேண்டும், 0.3%ஐத் தொடவே கூடாது. பட்டியலிலிருந்து நீங்கும்வரை அனுப்புவதை நிறுத்து. நிறுத்திவிட்டாய் அல்லவா?

வித்யா கல்யாணப் பத்திரிகைக்குச் சேர்த்த எக்ஸெல் ஷீட்டைக் கடை திறந்தபோது உனக்குக் கொடுத்தது நான். நானூற்றுச் சொச்சம் முகவரி. சேலம் மாமாவின் பழைய ஆபீஸ் முகவரிகூட அதில் இருந்தது. நீ தயங்கினாய். “நம்ம ஜனங்கதானே, அனுப்பு” என்றேன். இருபது வருஷமாக மெயில் சர்வர் பார்க்கிறவள். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் கணக்கையே மூடியிருப்பேன். கேட்காதவர்களுக்கும் அனுப்பலாம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதற்கப்புறம் பட்டியல் வாங்கினாயா இல்லையா என்று நான் எந்த வாயால் கேட்பேன்?

இன்னொன்று. 14ஆம் தேதி இரவு 11.52க்குக் கடை முகவரியிலிருந்து எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறாய். என் சர்வர் 554, ஏற்க முடியாது, என்று சொல்லித் திருப்பிவிட்டது. டிபிஎல்லில் இருந்தால் திருப்பு என்ற அந்த விதியை எழுதியவள் நான். பெறுநர் முகவரி சொல்லும் கட்டத்திலேயே தடுத்துவிடும், கடிதம் உள்ளே வராது. லாகில் உன் முகவரி, என் முகவரி, நேரம், அவ்வளவுதான் இருக்கிறது. நீ எழுதியதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. மூன்று வாரமாக, பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை என்று வித்யாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

உன் டொமைனுக்கு விலக்குப் போட்டுவிட்டேன். என் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் விலக்கு வரி தடுக்கும் வரிக்கு மேலே இருந்தால்தான் வேலை செய்யும். மேலேதான் இருக்கிறது, இரண்டு முறை பார்த்துவிட்டேன். அந்த மெயில் உன் சென்ட் ஃபோல்டரில் இருக்கும். அப்படியே, எதையும் மாற்றாமல், இன்னொரு தடவை அனுப்பு.

அன்புடன்,
அம்மா